வெள்ளை ஈக்கு எந்த மருந்து?

பூச்சி மருந்து வாங்கப் போகிறவர்கள் முதலில் பூச்சியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் டப்பாவைத்தான் பார்க்கிறார்கள். டப்பாவின் மேல் பச்சையாக ஒரு இலையும், மல்லாந்து கிடக்கும் புழு ஒன்றும் இருந்தால் போதும், வாங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து இலையைத் திருப்பினால் அங்கே இருப்பது புழுவே அல்ல, மாவுப்பூச்சியாக இருக்கும். மருந்தும் வீண், மாவுப்பூச்சிக்கும் அவமானம்.

நான் அப்படிச் செய்கிற ஆள் அல்ல. பணிக்காலம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். பெயர் தபீதாள். மாடம்பாக்கத்தில் சொந்த வீடு. கணவர் தேவானந்தம் காலமாகிவிட்டார். ஒரே மகள் ஸ்நேகா புனேயில் வேலை பார்க்கிறாள். இதையெல்லாம் ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள், இன்ஸ்பெக்டர். “மேல நடந்ததை உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க மேடம், அவசரமில்ல” என்றீர்கள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் அவசரமில்லை என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. நன்றி. அவசரப்படாமல் சொல்கிறேன்.

எங்கள் மொட்டை மாடியில் ஒரு பசுமைக்குடில் இருக்கிறது. இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் மேல் பால் நிறப் பாலித்தீன் தாள், உள்ளே நிழல்வலை, ஒரு பக்கம் ஈரத்தட்டியும் காற்றாடியும், மறுபக்கம் ஒரு ஜன்னல். ஓய்வு பெற்றதும் நானே ஆள் வைத்துக் கட்டினேன். அதில் ஜெர்பரா வளர்க்கிறேன். ஊட்டியிலும் ஓசூரிலும் வருகிற பூ. தாம்பரம் வெயிலுக்கு வராது என்று நர்சரிக்காரர் முதல் என் கணவர் வரை எல்லோரும் சொன்னார்கள். வந்தது.

என் கணவர் அதற்கு ‘பிளாஸ்டிக் சர்ச்’ என்று பெயர் வைத்தார். ஞாயிறு ஆராதனைக்கு இரண்டாம் மணி அடித்த பிறகு புடவையைத் தேடுகிற நான், மாடிக்கு மட்டும் விடியும்போதே போய்விடுகிறேனாம். அவர் சொன்னது சரிதான். ஜெர்பரா எதையும் மனதில் வைத்துக்கொள்ளாது. தண்ணீர் கூடினால் வேர் அழுகும், குறைந்தால் இலை தொங்கும். இவ்வளவு நேரடியாகப் பேசுகிற ஆள் எங்கள் சபையில் ஒருவரும் இல்லை.

தேவானந்தம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே நாற்காலியில் இறந்துபோனார். இருந்தவரை யாருக்கும் தொல்லை கொடுக்காதவர், போனதும் அப்படியே. அடக்க ஆராதனைக்குத் தூத்துக்குடியிலிருந்து அவருடைய அக்கா மெட்டில்டா வந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எப்போதும் வெள்ளைச் சேலை. கைப்பையில் ஒரு வேதாகமம், ஆஸ்துமாவுக்காக ஒரு பஃப். நினைவு ஜெபம் முடியும்வரை இருக்கிறேன் என்றார். இருந்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிளம்புகிறேன் என்றார். எந்தக் கிறிஸ்துமஸ் என்று சொல்லவில்லை.

தவறாக நினைக்காதீர்கள், மிகவும் நல்ல பெண்மணி. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் நிற்பார். கஞ்சி என்னுடைய அரிசி, அது வேறு விஷயம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் கன்னியம்மாவின் பேரனுக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தது மதினிதான். நல்லவர்களோடு ஒரே வீட்டில் இருப்பதில் என்ன சிரமம் என்றால், நமக்கு எரிச்சல் வரும்போதெல்லாம் நாம்தான் கெட்டவர்களாகிவிடுகிறோம்.

வந்த புதிதில் அடுக்களையை எடுத்துக்கொண்டார். பிறகு சர்ச்சில் என் இடத்தில் உட்கார்ந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் இடம் அது. பிறகு என் துக்கத்தையும் எடுத்துக்கொண்டார். யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் நான் காபி போடப் போவேன், அவர் அழுவார். காபியோடு நான் திரும்பி வரும்போது வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தட்டை வைக்க இடம் இருக்காது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். அடுத்ததாக என் ஜெர்பராக்கள் ஞாயிறுதோறும் பலிபீடத்துக்குப் போகத் தொடங்கின. பாஸ்டர் ஆராதனை முடிவில், “இன்றைய மலர்கள், நம் மெட்டில்டா அக்காவின் தோட்டத்திலிருந்து” என்று அறிவிப்பார். மதினி தலையைக் குனிந்துகொள்வார். மறுக்க மாட்டார். ஒருநாள் வெளியே வரும்போது ஈவ்லின் என்கிற அம்மாள் என்னைப் பிடித்து நிறுத்தி, “அக்கா கைராசி எப்படி பாத்தீங்களா? நீங்களும் அவங்ககிட்ட கத்துக்கலாமே சிஸ்டர்” என்றார். கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளை ஈ வந்தது.

வெள்ளை ஈயை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். மாவு சிந்தியதுபோல் இருக்கும். இலைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். தொட்டால் பறக்கும், உடனே திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரும். நம்முடைய இலை என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. பார்ப்பதற்கு மிகவும் சாதுவாக இருக்கும்.

ஒரு விஷயத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் எடுத்தவுடனே மருந்துக்குப் போகவில்லை. படித்தவர்கள் யாரும் போக மாட்டார்கள். முதலில் கையால் விரட்ட வேண்டும், அடுத்துப் பொறி வைக்க வேண்டும், பிறகு அதன் இயற்கை எதிரியைக் கொண்டுவர வேண்டும். எதற்கும் அசையவில்லை என்றால்தான் மருந்து. அதிலும் குறைந்த விஷத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த ஒழுங்கை நான் கடைசிவரை கடைப்பிடித்தேன்.

மஞ்சள் நிறம் வெள்ளை ஈக்குப் பிடிக்கும். ஆகவே பசை தடவிய மஞ்சள் அட்டைகளைக் குடிலுக்குள் வரிசையாகத் தொங்கவிட்டேன். இதற்குள் மதினி மதிய ஜெபத்தை அங்கே மாற்றிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்க் கடைசி வரிசையில் போட்டு, சாப்பாடு முடிந்ததும் போய் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் ஆவியில் நிறைந்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தவரின் கொண்டை அட்டையில் ஒட்டிக்கொண்டது. கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எங்கள் மாடியைப் பார்த்துக் குரைத்தது. கன்னியம்மா தேங்காய் எண்ணெய் போட்டு ஒவ்வொரு முடியாகப் பிரித்தாள்.

“இன்னா பெரிம்மா, ஈ புடிக்கிற அட்டைல நீ போயி மாட்டிக்கினியே” என்று சிரித்தாள்.

மதினிக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டைகளை எல்லாம் பிய்த்துக் குப்பையில் போட்டார். “ஏ தபீத்தா, ஈ ஒனக்கு என்ன செஞ்சுச்சு? அதுக்கும் உசிரு இருக்குல்லா? ஆண்டவர் காரணமில்லாம ஒண்ணையும் படைக்க மாட்டார்.”

“கொசுவையும் அவர்தான் படைச்சார் மதினி. நீங்க தினமும் மேட் போட்டுத்தான் தூங்குறீங்க.”

“அது டெங்குக்குப் பயந்துல்லா.”

அடுத்து வேப்பெண்ணெயில் சோப்புக் கரைத்து அடித்தேன். விஷமே இல்லாதது, குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் அடிக்கலாம். மதினிக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, விசில் மாதிரி மூச்சு இழுத்தார். கைப்பையிலிருந்து பஃப்பை எடுத்து நான்தான் கொடுத்தேன். இரண்டு இழுப்பில் சரியானது. வெறும் வேப்பெண்ணெய்க்கே இப்படி என்றால், என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அன்று எதுவும் நினைக்கவில்லை. கவனிப்பது என் தொழில், அவ்வளவுதான்.

மூன்றாவதாக இயற்கை எதிரி. வெள்ளை ஈயைத் தின்னும் ஒரு பச்சைப் பூச்சி உண்டு. அதன் முட்டைகள் ஒட்டிய அட்டையை ஒரு விவசாய நிலையத்துக்குச் சொல்லிவைத்து வாங்கினேன். இலையோடு இலையாகக் கட்டிவிட்டு, முட்டை பொரியட்டும் என்று விட்டுவிட்டுக் கீழே வந்தேன். மறுநாள் போனால் குடில் முழுக்க பினாயில் நெடி. “என்னமோ எறும்பு முட்டையாட்டம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, சுத்தமாத் தொடச்சிட்டேன். நீ எனக்கு நன்றிகூடச் சொல்ல வேண்டாம்” என்றார் மதினி. பூச்சிகளுக்கு உயிர் உண்டு என்று சொன்னவர் அவர். பொரிய இருந்த அத்தனை குஞ்சுகளையும் ஒரே துணியில் துடைத்து எடுத்திருந்தார். நான் நன்றி சொன்னேன்.

வெள்ளை ஈ பெருகியது. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை அலங்காரத்துக்குப் போன ஜெர்பராக்கள் இதழ் சுருங்கி, பிசுபிசுவென்று கரி பிடித்து, முக்காடு போட்டவை மாதிரி இருந்தன. ஆராதனை முடிவில் மதினி சாட்சி சொல்ல எழுந்தார். தபீதாளால் இனி அந்தத் தோட்டத்தைப் பராமரிக்க முடியாது என்றும், இதிலும் கர்த்தர் ஒரு திட்டம் வைத்திருக்கிறார் என்றும், தம்பி வீட்டு மாடியில் அந்தப் பிளாஸ்டிக் கூடாரத்தை எடுத்துவிட்டு ஒரு ஜெபக்கூடம் கட்ட ஆண்டவர் தனக்கு உணர்த்தியிருக்கிறார் என்றும் சொன்னார். சபை முழுவதும் எழுந்து நின்று அல்லேலூயா சொன்னது. நானும் எழுந்து நின்றேன். எல்லோரும் நிற்கும்போது நாம் மட்டும் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது.

அந்த வாரமே பாஸ்டர் டேப்போடு வந்து மாடியை அளந்தார். என் செடிகளின் மேல் டேப் போகாமல் பார்த்துக்கொண்டார், அதைச் சொல்ல வேண்டும். “இது என்னுடையது பாஸ்டர்” என்று மெதுவாகச் சொன்னேன்.

“சிஸ்டர், எல்லாமே அவருடையதுதானே” என்றார்.

அவர் என்றால் ஆண்டவரா, என் கணவரா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இருவரும்தான் என்றார்.

ஸ்நேகாவிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். “அம்மா, அத்தை சொல்றதும் கரெக்ட்தானே? நாலு பேர் வந்து போனா உனக்கும் லோன்லியா இருக்காது. பிளான்ட்ஸை பால்கனில வெச்சுக்கோ” என்றாள். ஜெர்பராவை பால்கனியில் வைப்பதும் மீனைக் கொடியில் காயப்போடுவதும் ஒன்று. ஆனால் அவளுக்கு மீட்டிங் இருந்தது.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. “உங்க வீடு மேடம். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” சொல்லியிருக்கலாம். அதை நானும் யோசித்தேன். சபையே எழுந்து நின்று துதித்த ஒரு காரியத்தை, விதவையாகிய நான், நாத்தனாரின் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என்னை அப்படி வளர்க்கவில்லை. யார் மனதையும் நான் நோகடித்ததில்லை.

ஆகவே மருந்து வாங்கப் போனேன்.

மருந்து டப்பாவில் ஒரு வண்ணக் குறி இருக்கும். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. பச்சை என்றால் ஆபத்து குறைவு, சிவப்பு என்றால் கடும் விஷம், பக்கத்தில் மண்டையோடும் போட்டிருக்கும். வீட்டுத் தோட்டத்துக்குப் பச்சையைத் தாண்ட வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. சேலையூர் கேம்ப் ரோட்டில் நான் வழக்கமாக வாங்கும் கடையிலேயே பச்சை கிடைக்கும். நான் ரயிலேறிச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன். சேலையூர்க் கடையில் என்னைத் தெரியும் என்பது ஒரு காரணம். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

சிங்கப்பெருமாள் கோவில் கடைக்காரர் பெயர் சவுரிமுத்து என்று பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும். நான் எதைக் கேட்கிறேன் என்று புரிந்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு பார்த்தார்.

“இது வயக்காட்டுக்கு அடிக்கிறது மேடம். உங்களுக்கு இன்னாத்துக்கு?”

“வெள்ளை ஈ. மாடியில் குடில் வெச்சிருக்கேன்.”

“குளோஸ் பண்ண எடமா? வேணாம் மேடம், பேஜாராயிடும். மூஞ்சில மாஸ்க் இல்லாம உள்ள நின்னீங்கன்னா ஈக்கு முன்னாடி நீங்க போயிடுவீங்க. வேற நல்லதா குடுக்கறேன்.”

இதுவே போதும், மாஸ்க்கும் கொடுங்கள் என்றேன்.

“வூட்ல எத்தினி பேரு? ரெண்டா தரட்டா?”

“ஒன்று போதும்.”

அவர் உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார், அது உண்மை. அந்த மனிதரைத் தொந்தரவு செய்யாதீர்கள். என்னைத் தடுக்கத்தான் பார்த்தார். நான் ஒரு ஆசிரியை மாதிரிப் பேசியதும் விட்டுவிட்டார். இந்த ஊரில் எல்லோருமே ஒரு காலத்தில் ஏதோ ஒரு ஆசிரியைக்குப் பயந்தவர்கள்தான்.

ஜெபக்கூடத்துக்குத் தகரமும் கம்பியும் வந்து வாசலில் இறங்கிய மறுநாள் மருந்தடித்தேன். மதியம். உள்ளே யாரும் இல்லை என்று நினைத்தேன் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல, திருத்திக்கொள்கிறேன். மதினி உள்ளே இருந்தார். சாப்பிட்டதும் வழக்கம்போல மேலே போனார், நான் பார்த்தேன். கைப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் பஃப் அதில் இல்லை, ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. பொருள்கள் தாமாக நடப்பதில்லை என்பதை ஒரு விலங்கியல் ஆசிரியையாக ஒப்புக்கொள்கிறேன்.

மாஸ்க் போட்டுக்கொண்டு, தெளிப்பானை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஜன்னலை மூடினேன், காற்றாடியை நிறுத்தினேன். காற்றாடி ஓடினால் மருந்து நிற்காது. மதினி கடைசி வரிசையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். காற்றாடி நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. எனக்காகத்தான் ஜெபித்தார். “இந்தத் தபீத்தாளோட கல்லு மனசை உடைச்சுப்போடும் ஆண்டவரே, அவ கண்ணத் தெறந்துவிடும் ஆண்டவரே” என்று உருக்கமாக, பெயரைச் சொல்லி. ஒருவர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் கூப்பிடுவது மரியாதை இல்லை. ஆமென் வரட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். வருகிற மாதிரித் தெரியவில்லை. கதவருகில் இருந்த வரிசையிலிருந்து அடிக்கத் தொடங்கினேன்.

முறையாகத்தான் அடித்தேன். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டின் அடி. கடைசி இரண்டு வரிசைக்குப் போகவில்லை, அங்கே அவர் இருந்தார். இருமத் தொடங்கியதும் நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மருந்தடித்த குடிலைச் சாத்தி வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க வெளியே ஒரு கொண்டி உண்டு. அதையும் போட்டேன்.

பிறகு கீழே வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அதுவும் டப்பாவில் எழுதியிருக்கிறது.

கன்னியம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி மேலே பார்த்தாள். “இன்னாம்மா அது, மேல யாரோ தட்டிக்கினு கீற மாரி இருக்கு?”

“பாலித்தீன் தாள். காத்துல அடிக்குது.”

“காத்தே இல்லியேம்மா. எல கூட ஆடல.”

“நீ போய்க் கொத்தமல்லி வாங்கிட்டு வா.”

“காலீலதான வாங்கியாந்தேன்?”

“புதினா வாங்கிட்டு வா.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். இன்று வரை அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து வேலைக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். அவளைத் தேட வேண்டாம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் புதினா வாங்கப் போனது மட்டும்தான்.

தட்டுகிற சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நின்றது. நான் நடுக்கூடத்தில் உட்கார்ந்து டப்பாவின் மேல் இருந்ததை முழுக்கப் படித்தேன். எழுத்து மிகவும் சின்னது, கண்ணாடி போட்டும் சிரமம். குறிப்பிட்ட நேரம் முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று இருந்தது. நான் போகவில்லை. அந்த நேரம் முடிந்ததும் போனேன்.

மதினி கதவுக்குப் பக்கத்தில் கிடந்தார். நாற்காலி கவிழ்ந்திருந்தது. பாலித்தீன் தாளில் நகத்தால் கீறிய கோடுகள் இருந்தன, ஆனால் கிழியவில்லை. நல்ல கனமான தாளாகப் பார்த்து வாங்கியிருந்தேன். நான் முதலில் முன்வரிசையில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் எதுவும் அசையவில்லை. பிறகு மதினியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான்.

ஜன்னலைத் திறந்து, காற்றாடியைப் போட்டு, நெடி போகும்வரை ஓடவிட்டேன். அவர் முகத்தையும் சேலையையும் சரிசெய்தேன். பஃப்பைக் கொண்டுவந்து கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன் பிறகுதான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். பழைய ஆஸ்துமா, மூடிய இடம், வெயில், வயது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர்மேல் தவறில்லை. ஜெபித்துக்கொண்டே இறந்துபோன ஒரு மூதாட்டியின் வாயை யாரும் முகர்ந்து பார்க்க மாட்டார்கள்.

அடக்கம் விமரிசையாக நடந்தது. என் கணவருக்காக வாங்கியிருந்தது இரண்டடுக்குக் கல்லறை. கீழே அவர், மேலே நான் என்பது ஏற்பாடு. “தம்பி மேல அக்கா எவ்வளவு பிரியம் வெச்சிருந்தாங்க” என்று யாரோ தொடங்க, மேல் அடுக்கில் மதினியை வைத்துவிட்டார்கள். அது என் இடம் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது. பெட்டியின் மேல் என் ஜெர்பரா வளையம் இருந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. ஈவ்லின் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அக்கா வெச்ச செடி, அக்காவுக்கே பூத்திருக்கு பாருங்க” என்று அழுதார்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீங்களும் என்னைத் தேடி வரவில்லை, நான்தான் வந்தேன். ஏன் வந்தேன் என்று இன்னும் உங்களுக்குப் புரியவில்லை, இல்லையா? சவுரிமுத்துவிடம் நீங்கள் போனில் விசாரித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுகூட, வயதானவர் ஏதோ குற்ற உணர்ச்சியில் உளறுகிறார் என்கிற மாதிரிதான் என்னைப் பார்த்தீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் ஓர் அறிவிப்புச் செய்தார். மெட்டில்டா அக்கா கடைசி மூச்சை விட்ட அதே இடத்தில், அவர் கண்ட தரிசனத்தின்படியே, ‘மெட்டில்டா நினைவு ஜெபக்கூடம்’ எழும்பும் என்றார். இந்த வாரமே குடிலைப் பிரிக்கும் வேலை தொடங்கும் என்றார். முன்பு அல்லேலூயா சொன்னவர்கள் இந்த முறை கண்ணீரோடு சொன்னார்கள். ஸ்நேகாவும் வீடியோவில் பார்த்துவிட்டு, “ஸோ பியூட்டிஃபுல்மா” என்று மெசேஜ் அனுப்பினாள். செத்தவர் பெயரில் நடக்கும் காரியத்துக்கு நான் எப்படிக் குறுக்கே நிற்பேன்? உயிரோடு இருந்தபோதே அவரிடம் முடியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நாள் முழுக்க யோசித்தேன். கொலை நடந்த இடம் என்றால் போலீஸ் பூட்டி சீல் வைத்துவிடும். வழக்கு முடியும்வரை யாரும் ஒரு கம்பியைக்கூட அசைக்க முடியாது. நம் ஊரில் வழக்கு என்றைக்கு முடியும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால்தான் வந்தேன்.

ஸ்நேகா சற்று முன் போனில் கத்தியதை நீங்களும் கேட்டீர்கள். “அம்மா, லாயர் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாதே! போலீஸ்கிட்ட சொல்றது கோர்ட்ல நிக்காதாம்!” நிற்காது என்றால் மாஜிஸ்திரேட்டிடமும் இதையே சொல்கிறேன். எந்தக் குழப்பமும் வேண்டாம். மெட்டில்டா உள்ளே இருக்கிறார் என்று தெரிந்து, அவருக்கு மூச்சுத் தாங்காது என்று தெரிந்து, பஃப்பை எடுத்து வைத்துவிட்டு, மருந்தடித்து, கதவை வெளியே கொண்டி போட்டேன். தட்டியது கேட்டது. கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கல்லறையைத் திறந்து பார்த்தால் டாக்டர்களும் இதையே சொல்வார்கள். திறக்கும்போது எந்த அடுக்கு யாருக்கு என்று மறுபடி யோசிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். சாவி இதோ இருக்கிறது. சீல் வைக்கப் போகும் கான்ஸ்டபிளிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டும், இன்ஸ்பெக்டர், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். கதவைப் பூட்டினாலும் அந்த ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். இந்த வெயிலில் எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டால் உள்ளே இருக்கிற உயிர்கள் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குத்தான் மனசு வரும்.